விமானத்தைக் கழுவுவது துப்புரவு வேலை அல்ல

1996 அக்டோபர் 2-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, பெரு நாட்டின் லிமாவிலிருந்து சிலியின் சாந்தியாகோவுக்குப் புறப்பட்ட ஏரோபெரு 603 விமானம் அரை மணி நேரத்துக்குள் பசிபிக் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 70 பேரும் இறந்தார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை, வானிலையிலும் குற்றம் சொல்ல முடியாது. விமானத்தைக் கழுவி மெருகேற்றும்போது தண்ணீர் புகக் கூடாதென்று ஸ்டேட்டிக் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை யாரும் பிரிக்கவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் அந்தச் சிறு துளைகள் வழியாகத்தான் கருவிகளுக்குப் போகிறது. அவை அடைபட்டால் உயரமானியும் வேகமானியும் பொய் சொல்லும். இருட்டில் கடலுக்கு மேல் பறந்த விமானிகளுக்குத் தாங்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் போயிற்று. 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 நவம்பர் 27 அன்று, பிரான்சின் பெர்பிஞ்ஞான் அருகே ஓர் ஏர்பஸ் ஏ320 சோதனைப் பறப்பின்போது கடலில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். மூன்று நாள் முன்பு பெயின்ட் வேலைக்காக அதன் உடலைத் தண்ணீர் விட்டு அலசியிருந்தார்கள். விமானம் காற்றைச் சந்திக்கும் கோணத்தை அளக்கும் உணரிகளை, கையேடு சொன்னபடி மூடாமல் அலசினார்கள். உள்ளே புகுந்த நீர் உயரத்தில் உறைந்து, மூன்று உணரிகளில் இரண்டை அசையவிடாமல் செய்தது. குறைந்த உயரத்தில் வேகத்தைக் குறைத்துச் சோதித்தது விமானிகளின் பிழை என்பது உண்மை. ஆனால் அந்தப் பிழையிலிருந்து காப்பாற்றியிருக்க வேண்டிய ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது கழுவிய தண்ணீர்.

இவை பெரிய விமானங்களின் கதை. ஆனால் பறக்கும் பயிற்சிப் பள்ளிகளிலும் ஃபிளையிங் கிளப்புகளிலும் நிற்கும் இரண்டு, நான்கு இருக்கைச் சிறு விமானங்களுக்கு இந்தப் பாடம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பெரிய விமானத்தில் ஒரு கருவி பொய் சொன்னால் ஒத்துப் பார்க்க வேறொரு கருவி இருக்கும். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் பொதுவாக இடது இறக்கைக்கு அடியில் வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் ஒரு பிட்டோ குழாய், உடலின் இடது முன்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவு கூட இல்லாத ஒரு ஸ்டேட்டிக் துளை, இறக்கையின் முன்விளிம்பில் வேகம் குறைந்தால் எச்சரிக்கும் ஒரு சிறு திறப்பு, அவ்வளவுதான். ஓட்டுகிறவரும் பல நேரம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர். இப்படிப்பட்ட விமானத்தைக் கழுவும் வேலை யாரிடம் போகிறது? பெரும்பாலும் எழுத்தில் எந்த வழிமுறையும் தரப்படாத, ஒப்பந்தத்தில் வந்த, தரை துடைக்கிறவரிடமே. ‘பார்த்து நல்லா கழுவிடுப்பா’ என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடங்களில் இந்த ஆபத்து கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். என் வாதம் நேர்மாறானது. மேலே சொன்ன இரு விபத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றில் தண்ணீருக்குப் பயந்து மூடியதை எடுக்க மறந்தார்கள், மற்றதில் கையேடு சொல்லியும் மூடவில்லை. பாயும் தண்ணீர் இருப்பதால்தான் மூட வேண்டியிருக்கிறது, மூடுவதால்தான் மறக்க நேர்கிறது. ஹோஸ் பைப்பையும் பிரஷர் வாஷரையும் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரும் மென்மையான துணிகளும் கொண்டு துடைத்தால், துளைக்குள் நீர் பாயும் வாய்ப்பும் துளைமேல் டேப் ஒட்ட வேண்டிய தேவையும் ஒருசேரக் குறைகின்றன. பிரஷர் வாஷர் செய்யும் கெடுதல் இத்தோடு நிற்பதில்லை. கீல்களிலும் சக்கர பேரிங்குகளிலும் உள்ள கிரீஸை அது வழித்தெடுத்துவிடும். எரிபொருள் மூடியின் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால், அடுத்த பறப்பில் எஞ்சின் நின்றுபோகவும் கூடும். ஆகவே சிக்கனமான முறை ஏழைக்கான மாற்றுவழி அல்ல. முறைப்படி செய்தால் அதுவே பாதுகாப்பான வழி.

முறை என்றால் என்ன? விமானத்தை நிழலில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லரைத் தொடுகிறவர் அது எந்த நேரமும் சுழலும் என்றே எண்ண வேண்டும். பிஸ்டன் எஞ்சினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வது, அதை அணைக்கும் எர்த் ஒயர் அறுந்திருந்தால் லேசாகத் திருப்பினாலே எஞ்சின் ஒரு முறை உதைத்துச் சுழலலாம். ஒரு கை போக அந்த ஒரு முறை போதும். பிட்டோ குழாய்க்கு உரிய சிவப்பு நாடா தொங்கும் உறையை மாட்ட வேண்டும். ஸ்டேட்டிக் துளையை மூடித்தான் ஆக வேண்டுமென்றால் விமானத்தின் நிறத்தோடு சேர்ந்துவிடாத பளிச்சென்ற அடைப்பான் வேண்டும். லிமாவில் ஒட்டியிருந்த டேப் வெள்ளி நிறம், விமானத்தின் உடலும் வெள்ளி நிறம். கழுவும்போது ஸ்ப்ரேயை விமானத்தின் மீது அடிக்காமல் துணியில் அடித்து, துளையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து கீழாக, ஓரளவு சுத்தமான இடங்களை முதலிலும் எண்ணெய் படிந்த அடிவயிற்றைக் கடைசியிலும் துடைத்தால் ஒரே துணியில் அழுக்கு ஊர் சுற்றாது. அடிவயிறு துடைத்த துணி மறுபடி மேலே வரவே கூடாது.

‘தண்ணீர் குறைத்தால் மணல் தேய்ந்து கீறல் விழுமே’ என்பது நியாயமான கேள்வி. காய்ந்த தூசியின் மேல் துணியை அழுத்தினால் கீறத்தான் செய்யும். அதிலும் முன்கண்ணாடி கண்ணாடியே அல்ல, அக்ரிலிக். அதனால் கையிருப்பில் உள்ள நல்ல தண்ணீரில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்க வேண்டும். முதலில் கொஞ்சம் நீரை மெதுவாக வழியவிட்டுத் தூசியை இறக்கிய பிறகே மைக்ரோஃபைபர் துணியால், வட்டமாகத் தேய்க்காமல் மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடித் திரவங்கள் அக்ரிலிக்கில் நுண்விரிசல் உண்டாக்கும். எதிர்வெயிலில் இறங்கும்போது அந்த விரிசல்களில் ஒளி சிதறி ஓடுபாதையை மறைத்துவிடும். இன்னொரு கேள்வி உப்பைப் பற்றியது. தூத்துக்குடி போலக் கடற்காற்று படும் ஊர்களில் வெறும் துடைப்பு போதாது. உப்பைக் கரைத்து இறக்கக் குறைந்த அழுத்தத்தில் நல்ல தண்ணீர் தேவை, அதில் சமரசம் செய்ய முடியாது. மற்ற நாட்களில் மிச்சம் பிடித்த தண்ணீரை இதற்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீர் கிடைக்கவில்லையே என்று போர்வெல் உப்புத் தண்ணீரை எடுப்பது, அலுமினியத்தை அரிக்கும் உப்பை நாமே பூசுவதாகும்.

இதுவரை சொன்னது விமானத்துக்கு வரும் ஆபத்து. துடைக்கிறவர் உடம்புக்கு வரும் ஆபத்தைப் பற்றி நம் ஹேங்கர்களில் பேச்சே எழுவதில்லை. பல சிறு விமானங்கள் எரிக்கும் ஏவ்கேஸ் 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் சேர்க்க விதி அனுமதிக்கிறது. எரிந்த பிறகு அந்த ஈயச் சேர்மங்கள் புகைக்குழாய்க்குப் பின்னால் அடிவயிற்றில் சாம்பல் நிறக் கறையாகப் படிகின்றன. இத்தகைய விமானங்கள் வெளிவிடும் ஈயம் மக்கள் நலனுக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் அறிவித்தது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. கறை போக வேண்டும் என்று அதே ஏவ்கேஸில் துணியை நனைத்துத் துடைப்பதும், கடைசியில் அதிலேயே கை கழுவுவதும் இரட்டைக் கேடு. தீப்பிடிக்கும் அபாயம் ஒன்று, ஈயம் தோல் வழியே உடம்புக்குள் போவது மற்றொன்று. கறையைக் காய்ந்த நிலையில் சுரண்டினாலோ காற்றடித்து ஊதினாலோ தூசி நுரையீரலுக்குப் போகும். ஈரத்துணிதான் சரி. ரசாயனம் ஊடுருவாத நைட்ரைல் கையுறை வேண்டும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் துணியோடு துவைக்கக் கூடாது. டீசல் எஞ்சின் பொருத்தி ஜெட் எரிபொருளில் ஓடும் சிறு விமானங்களில் ஈயச் சிக்கல் இல்லை. நீங்கள் துடைக்கும் விமானம் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்பதற்கு உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பட்டியலிட்ட, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில்நோய்களில் முதலாவது ஈய நஞ்சு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், பணி நியமனக் கடிதம் பெறுவதையும், பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்பதையும், உயிருக்கு ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிப்பதையும் தொழிலாளியின் உரிமையாக்கியிருக்கிறது. கையிலே கொடுக்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பாதுகாப்புத் தாளைக் கேளுங்கள். மயக்கம், வயிற்றுவலி, தீராத சோர்வு என்று மருத்துவரிடம் போனால், எங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகுப்புச் சட்டம் பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். நாலைந்து பேர் மட்டும் உள்ள ஹேங்கர் இதில் தப்பிவிடுகிறது, சட்டத்தின் பெரிய ஓட்டை அது. அங்கே பயிற்சிப் பள்ளியின் மாணவர்களும் விமானிகளும்தான் குரல் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பறக்கப் போவது அவர்கள்.

‘பறப்பதற்கு முன் விமானி சுற்றிப் பார்ப்பாரே, அவர் கண்ணில் படாதா’ என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. லிமாவில் மேற்பார்வையாளர் கண்ணிலும் படவில்லை, விமானி கண்ணிலும் படவில்லை. பிறகு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் டேப்பை எடுக்க மறந்த தொழிலாளி. டேப் அகற்றப்பட்டதா என்று சரிபார்க்கத் தவறிய அமைப்பின் பிழை ஒரு மனிதரின் மறதியாகச் சுருங்கிவிட்டது. இதற்கு மாற்று எளிது. கழுவும் முன் என்னென்ன மூடப்பட்டது, கழுவிய பின் என்னென்ன அகற்றப்பட்டது என்று ஒரு தாள், அதில் கழுவியவர் கையெழுத்து, நேரில் சரிபார்த்த பொறியாளர் கையெழுத்து. அதன் பிறகு விமானி டார்ச் அடித்து ஒவ்வொரு துளையையும் பார்த்து, எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு நடந்துவிட்டால் மறைக்காமல் சொல்ல, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தன்னார்வப் பாதுகாப்பு அறிக்கை முறை இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணத்தைப் பற்றிக் கேட்கும்போதே அந்தத் தாளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.