பெயின்ட்பால் துப்பாக்கி: எதுவரை செய்யலாம்?

வீடியோ பார்த்து வீட்டிலேயே பெயின்ட்பால் துப்பாக்கி செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் உண்டு. அமெரிக்காவில் மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்தே பெயின்ட் அடையாளமிட வந்த கருவி அது, 1981-இல்தான் விளையாட்டானது. எலக்ட்ரானிக் வகையில், விசையைத் தொட்டதும் சர்க்யூட் போர்டு சோலனாய்டு வால்வைக் கண நேரம் திறக்கும். அழுத்தக் காற்று பெயின்ட் உருண்டையைத் தள்ளும்.

போர்டு, பேட்டரி, சுவிட்ச் வேலையைத் தாராளமாகப் பழகட்டும். வால்வுக்குப் பதில் ஓர் எல்இடி எரிந்தால் போதும், நல்ல பாடம்தான். காற்றுப் பகுதியில் மட்டும் கைவைக்க விடாதீர்கள். கார் டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ. இதன் காற்றுச் சிலிண்டரில் 3,000. அதற்குப் பிவிசி குழாயை மாட்டினால் சில்லுசில்லாய்த் தெறிக்கும்.

2025 தீபாவளியின்போது போபாலில், பிவிசி குழாயில் கார்பைடு வாயுவை வெடிக்கவைக்கும் துப்பாக்கிகளால் பல பிள்ளைகளின் கண்கள் காயமடைந்தன. சிலருக்குப் பார்வையே போனது. மாரமங்கலத்தில் அப்படி நேர்ந்தால், கண் மருத்துவமனைக்கு மலையிறங்கிச் சேலம் போக வேண்டும்.