சபையற்ற காலம்: மட்டக்களப்பு உள்ளூராட்சி பற்றிய ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரை. கிழக்கே நகரமும் அலுவலகங்களும் செறிந்த எழுவான்கரை. உள்ளூராட்சி மறுசீரமைப்பின் தாக்கத்தை இச்சமூகப் பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் அதிகாரங்கள் மாவட்ட அபிவிருத்திச் சபையைச் சேர்ந்தன. அதிகாரப் பரவலாக்கம் எனப்பட்டபோதும், கிராமத்தைப் பொறுத்தவரை அதிகாரம் மேலேயே சென்றது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாலேயே தோன்றின. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிவுற்றது முதல் 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, அவற்றைச் செயலாளர்களும் மாநகர சபையை ஆணையாளரும் நிர்வகித்தனர்.

நிர்வாகம் தொடர்ந்தது உண்மையே. ஆயினும் சபையற்ற காலத்திலும் போடியாருக்கு அதிகாரியை அணுகும் வழியுண்டு. வயற்கூலியாளனுக்கோ, தன் வாக்கை நாடிவரும் உறுப்பினனே வழி. எனவே அவ்வெற்றிடம் வர்க்க நடுநிலையானதன்று.