பவர் பத்திரம்: நோயாளியின் குடும்பத்தார் அறிய வேண்டியவை

பக்கவாதத்தாலோ விபத்தாலோ ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால், மருந்துச் செலவோடு நிலம், வங்கிக் கணக்கு, கடன் தவணை பற்றிய கவலைகளும் குடும்பத்தைச் சூழ்கின்றன. வல்லம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு நிலமே சேமிப்பு. எனவே, "அப்பாவின் கைரேகை வாங்கி ஒரு பவர் எழுதிக்கொள்ளலாமா?" என்ற கேள்வி எழுவது இயல்பே. நினைவிழந்தவரின் கைரேகையைக் கொண்டு எழுதப்படும் பத்திரம் செல்லாது.

பத்திரம் எப்போது முடிவுறும்?

பவர் எனப்படும் அதிகாரப் பத்திரம், தம் சார்பில் செயல்பட ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் அனுமதி மட்டுமே. அதனால் சொத்துரிமை கைமாறுவதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாக்கியது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பத்திரம் அளித்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் பொதுவாக முடிவுறும். இறப்புக்குப் பின் அதைக் காட்டி நிலம் விற்பதும் பணம் எடுப்பதும் உடன்பிறந்தாரை நீதிமன்றப் படியேற்றும்.

அதிகாரம் பெற்றவரின் கடமைகள்

• நோயாளியின் பணத்தைத் தம் பணத்தோடு கலக்கலாகாது.
• வரவு செலவுக்குக் கணக்கும் ரசீதும் வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும்.
• நோயாளியின் சொத்தை அவர் அறியாமல் தாமே வாங்கிக்கொள்ளலாகாது.
• முக்கிய முடிவுகளை அவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

நினைவு திரும்பாவிடில்?

நீதிமன்றத்தை நாடுவதே வழி. 2024 மே மாதம், ஆழ்மயக்கத்தில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராகச் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பாக வைக்கவும் ஆணையிட்டது. காப்பாளரும் கணக்குக்குக் கட்டுப்பட்டவரே.

மருத்துவர் கூற விரும்புவது

பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் எல்லாரும் அறிவிழந்தவர் அல்லர். கேட்பதைப் புரிந்துகொண்டு தலையசைப்பாலும் சைகையாலும் தம் விருப்பத்தை உணர்த்தக்கூடியவர் பலர். அவரை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்காதீர்கள். மாறாக, கடும் காய்ச்சலிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பக்கூடும். அத்தகைய வேளையில் கையொப்பம் கேட்காதீர்கள். மருத்துவர் தரும் சான்று, அந்நேரத்தில் நோயாளியின் மனநிலை எவ்வாறு இருந்தது என்பதை மட்டுமே கூறும். எந்தப் பிள்ளைக்கும் சார்பாக அமையாது.

மனம் தெளிவாக உள்ளபோதே, பிள்ளைகள் அனைவரும் அறிய, வழக்கறிஞரின் ஆலோசனையுடன் பவரையும் உயிலையும் தனித்தனியே எழுதி வைப்பது நன்று. நடக்க இயலாதவர் இருக்குமிடத்துக்கே சார்பதிவாளர் வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இதனைத் தள்ளிப்போட வேண்டாம்.