உப்பு மண்ணிலும் பூந்தோட்டம்! - நீங்களே போடலாம். எப்போது ஆளைக் கூப்பிடுவது?

அத்திப்பட்டு என்றதும் என்ன ஞாபகம் வரும்? அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. நிலக்கரி. கும்மிடிப்பூண்டி மின்சார ரெயில். பூந்தோட்டம் ஞாபகத்துக்கு வருமா?

வராது! ஆனால் இங்கே வீடு கட்டிக் குடி வந்தவர்களுக்கும் வாசலில் நாலு செடி வேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்?

நர்சரியில் ரோஜா வாங்கி வந்து நடுகிறார்கள். கொஞ்ச நாளில் இலை ஓரம் கருகுகிறது. கடைசியில் குச்சிதான் மிச்சம்.

"என் கைராசி அப்படி. எதை வெச்சாலும் பட்டுப் போவுது" என்று வீட்டுக்கார அம்மா அலுத்துக் கொள்கிறார்.

கைராசி அல்ல அம்மா, உப்பு!

தாகத்தில் சாகும் செடி

எண்ணூர் கழிமுகமும் கொசஸ்தலை ஆறும் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிப் போன இடங்கள் பல. உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, வேரைச் சுற்றி உப்பு சேருகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கும். ஆனால் வேரால் அதை உறிஞ்ச முடியாது.

வாடுகிறதே என்று அதே தண்ணீரை இன்னும் ரெண்டு குடம் ஊற்றினால் கதை சீக்கிரம் முடியும்!

என்ன செய்யலாம்? ரோஜாவைத் தொட்டியில் வையுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். தரையில் பூவரசு, புன்னை, வேம்பு, தென்னை, காகிதப்பூ நடலாம். இவை உப்பைத் தாங்கும். அரளியும் தாங்கும். ஆனால் அது விஷச் செடி. குழந்தைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவி விடும். நடுவதற்கு அதுதான் நல்ல சமயம்.

சாம்பல் பறக்கிறதா?

செப்பாக்கம் பக்கம் சாம்பல் குளம் இருக்கிறது. காற்றடித்தால் சாம்பல் பறக்கும். இலையில் படிந்தால் வெயில் உள்ளே போகாது. காலையில் இலைகளைத் தண்ணீரால் கழுவி விட வேண்டும். சாம்பல் கலந்த மண்ணில் கீரை போட வேண்டாம். நல்ல மண் கொண்டு வந்து பையில் போட்டு வளர்க்கலாம்.

வளையல் துண்டில் தோட்டம்

பணம் இருந்தால்தான் அழகா? சண்டிகாரில் சாலை ஆய்வாளராக இருந்தவர் நேக் சந்த். வேலை நேரம் போக, 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல், பீங்கான், ஓடுகளைச் சேர்த்துச் சிலைகள் செய்தார். 1976-ல் அது 'பாறைத் தோட்டம்' என்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உலகமே வந்து பார்க்கிறது!

நம் ஊர் காயலாங்கடையிலும் சாமான் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: கெமிக்கல் கம்பெனியிலிருந்து வந்த டிரம்மில் காய்கறி போடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் நம்ப முடியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது?

ஒன்று: மொட்டை மாடித் தோட்டம். 10 அடிக்கு 10 அடி, ஒரு அடி ஆழம் மண் கொட்டினால், மழையில் ஊறியதும் சுமார் 5 டன் கனம். ஒரு பெரிய ஆண் யானையை மாடியில் நிறுத்தியது போல! எஞ்சினீயரைக் கேட்காமல் மண் ஏற்ற வேண்டாம்.

இரண்டு: மின் கம்பியைத் தொடும் கிளை. நீங்களாக வெட்டாதீர்கள். மின் வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

மூன்று: தென்னங்குருத்து வாடுகிறது, மரத்தில் ஓட்டை, சாறு வடிகிறது என்றால் சிவப்புக் கூன் வண்டாக இருக்கலாம். தாமதித்தால் மரம் போச்சு.

நான்கு: இரண்டு முறை நட்டும் பட்டுப் போனால் மூன்றாவது செடி வாங்காதீர்கள். மண்ணைப் பரிசோதியுங்கள். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் தோண்டி, மண்ணைக் கலந்து, அரை கிலோ எடுத்துச் சுத்தமான பையில் போடுங்கள். உரப் பை கூடாது.

திருவள்ளூர் அருகே திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 1800-180-1551 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே யோசனை சொல்வார்கள். கட்டணம் கிடையாது.

தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் முதலில் மண்ணையும் தண்ணீரையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காமலே புல்தரைக்கு ரேட் பேசினால், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்!