நிறம் ஓடும் நேரம்

ஆலங்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஏழாவது படிக்கும் அவருடைய மகன், கத்தி செய்யும் போட்டி ஒன்றைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்க்கிறானாம். மண்வெட்டியைத் தட்டி வாங்குவதற்காக அவனைப் பட்டறைக்குக் கூட்டிப்போனபோது, "இவரு ஏம்ப்பா டிவியில வர்ற மாதிரி வாள் செய்யல?" என்று கேட்டிருக்கிறான். அது பட்டறைக்காரப் பெரியவர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசகருக்குத்தான் மனசு ஆறவில்லை. ‘அந்த நிகழ்ச்சி இந்தத் தொழிலுக்கு நியாயம் செய்கிறதா, நீங்களே சொல்லுங்கள்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அவர் சொல்வது ‘ஃபோர்ஜ்டு இன் ஃபயர்’ நிகழ்ச்சி. 2015 ஜூனில் ஹிஸ்டரி சேனலில் தொடங்கியது. போட்டியில் 4 கொல்லர்கள். முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் 3 மணி நேரம். மிஞ்சும் இருவர் தத்தம் பட்டறைக்குத் திரும்பி, சில நாளில் ஒரு பழங்காலப் போர்க்கருவியைச் செய்து கொண்டுவர வேண்டும். வென்றவருக்கு 10,000 டாலர். நானும் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் அடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது, தோல்வியை மறைக்காமல் காட்டுவது. இருபது வருடம் உலைமுன் நின்றவர், பழுத்த கத்தியை எண்ணெயில் இறக்குவார். மெல்லிய ஒரு சத்தம் வரும். வெளியே எடுத்தால் முனையில் மயிரிழை விரிசல். அந்த முகத்தைப் பார்த்த பிள்ளைகள் இனி இரும்பை லேசான விஷயமாக நினைக்க மாட்டார்கள். அந்த அளவில் நிகழ்ச்சி நல்லதே செய்திருக்கிறது.

ஆனால் தோய்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி நான் பார்த்த பகுதிகளில் கண்ணில் படவேயில்லை. எனக்கு இந்தத் தொழிலில் உயிராகத் தெரிவது அந்த மீதிப் பாதி.

சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பட்டறைகளில் அரிவாளாக மாறுவது பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அது கரிச்சத்து கலந்த எஃகு. 800 டிகிரிக்கு மேல் காய்ச்சினால், இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கரி அணுக்கள் அதற்குள் கரைந்து பரவும். அந்தச் சூட்டில் காந்தம்கூட அதில் ஒட்டாது. பிறகு மெதுவாக ஆறவிட்டால் கரி அந்த அடுக்கைவிட்டு வெளியேறிவிடும். சட்டென்று குளிர்வித்தால் வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் கடினம். ஆனால் அப்படி இறுகிய எஃகு கண்ணாடி மாதிரி. தேங்காய் மட்டையில் ஓங்கிப் போட்டால் வாய் பொரிந்துவிடும். ஆகவே கொஞ்சம் சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்பதில்தான் கொல்லரின் கண் இருக்கிறது.

அதை நான் முழுசாகப் பார்த்தது கஜா புயல் வாரத்தில். 2018 நவம்பர் 16 அதிகாலை அடித்த காற்றில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்துத் தென்னையும் பலாவும் படுத்துக் கிடந்தன. பாதையைத் திறக்கவே மரம் வெட்ட வேண்டியிருந்தது. இரண்டே நாளில் எல்லா வீட்டு அரிவாளும் கோடாலியும் மழுங்கிப் போயின. ஊரில் கரண்ட் இல்லை. நான் போகும் பட்டறையின் மோட்டார் ஊதுலை நின்றுவிட்டது. அந்தப் பட்டறைப் பெரியவர் பரணிலிருந்து கையால் சுற்றிக் காற்று ஊதும் பழைய சக்கரத்தை இறக்கினார். அவர் பேரன் சுற்ற, அவர் மனைவி சம்மட்டி போட்டார். அந்தப் போட்டியில் கொல்லர் ஒற்றை ஆளாக எந்திரச் சம்மட்டியோடு நிற்பார். நம் பட்டறைகளில் சம்மட்டி பிடிக்கும் பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரின் சின்னச் சுத்தியல் தட்டிய இடத்தில் அந்த அம்மாவின் சம்மட்டி விழும். அடைகல்லின் ஓரத்தில் அவர் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து என்று பொருள். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

என் அரிவாளை உலையில் வைக்கும் முன் பெரியவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எதுக்கு?"

தென்னை என்றேன். தலையாட்டிவிட்டுக் கரிக்குள் செருகினார். கூரை தாழ்ந்து உள்ளே இருட்டாக இருந்தது. வசதிக் குறைவென்று நினைத்திருந்தேன். உலைச் சிவப்பின் நிறபேதம் நிழலில்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கோவைப்பழ நிறம் வந்ததும் வெளியே எடுத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்தார். முதுகில் இன்னும் சூடு இருந்தது. உடனே வாசலுக்கு வந்தார். செங்கல் துண்டால் வாயை இரண்டு தேய்ப்புத் தேய்த்து வெள்ளையாக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

அப்போதுதான் நிறம் ஓடத் தொடங்கியது. முதுகின் சூடு வாய்ப்பக்கம் நகர நகர, வெள்ளை இரும்பின்மேல் முதலில் வைக்கோல் மஞ்சள். அதன் பின்னே பழுப்பு. அதன் பின்னே கத்தரிப்பூ ஊதா. அதையும் துரத்திக்கொண்டு மயில்கழுத்து நீலம். நான்கும் வரிசையாக விளிம்பை நோக்கி ஊர்ந்தன. இது உலைச் சிவப்பு போலச் சூட்டால் ஒளிரும் நிறமில்லை. இரும்பின்மேல் காற்று பட்டு உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஆக்சைடு ஏடு. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. மழைத்தண்ணீரில் சிந்திய டீசலில் வானவில் தெரிவதும் இதே கணக்குதான். சூடு ஏற ஏற ஏடு தடிக்கும், நிறம் மாறும். மஞ்சள் என்றால் ஏறக்குறைய 220 டிகிரி, ஊதா 280, நீலம் 300. வெப்பமானியே இல்லாத பட்டறையில் இரும்பே தன் சூட்டைச் சொல்லிவிடுகிறது.

மஞ்சளில் நிறுத்தினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் கடுவெட்டுக்குப் பொரியும். நீலத்துக்குப் போய்விட்டால் பொரியாது, வளையும், கூர் தங்காது. பழுப்பு முடிந்து ஊதா தலைகாட்டிய நொடியில் பெரியவர் அரிவாள் முழுவதையும் தண்ணீரில் அமுக்கினார். இவ்வளவும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

எனக்கு எங்கள் அப்பத்தா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதுதான் நினைவுக்கு வந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு திரண்டால் சட்டியை இறக்கிவிடுவார். ஒரு கொதி கூடினால் அதிரசம் கல், ஒரு கொதி குறைந்தால் எண்ணெயில் கரைந்துவிடும். அடுப்படியிலும் உலைக்களத்திலும் அதற்கு ஒரே சொல்தான்: பதம்.

போட்டியில் இந்தப் பதம் காட்டப்படாததற்குக் காரணமும் புரிகிறது. தோய்க்கும்போது எண்ணெய் தீப்பற்றி எழுகிறது. அது கேமராவுக்கு விருந்து. ஒரு மனிதர் அசையாமல் இரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது காட்சியாகாது. அதைவிட எனக்கு உறுத்துவது சோதனை. பனிக்கட்டியில் ஓங்கி வெட்டுகிறார்கள், எலும்பைப் பிளக்கிறார்கள், மனித உருவில் வார்த்த ஜெல் பொம்மையைக் கிழிக்கிறார்கள். ஆரம்ப நாள்களில் ‘கொல்லும்’ என்பதே நடுவர் தரும் பாராட்டாக இருந்தது. பிறகு அது ‘வெட்டும்’ என்று மாறியது. நம் சினிமாவும் அரிவாளை அப்படியேதான் நடத்தியிருக்கிறது. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி என்றதும் வெட்டுக்குத்து நினைவுக்கு வருகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டோம். 2021 செப்டம்பரில், அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துவைக்கும்படி காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. கொலைகளைத் தடுக்க அதற்குத் தேவை இருக்கலாம். ஆனால் களைக்கொத்தும் கருக்கரிவாளும் அடித்தே வாழ்ந்த கைகள், சந்தேகப் பதிவேடு எழுதும் நிலைக்கு வந்ததில் நம் எல்லோருக்கும் பங்கிருக்கிறது.

கருக்கரிவாளை எந்தப் போட்டியிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அது வாளைவிட நுட்பமானது. உளியால் ஒவ்வொரு பல்லாக, ஒரு பக்கத்தில் மட்டும் கீறி வைப்பார்கள். மறுபக்கம் வழவழப்பு. அந்த வழவழப்புப் பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, எதிர்ப்பக்கத்துப் பள்ளங்கள் விளிம்பில் புதுப் பல்லாக எழும். தேய்வே கூராகும் கருவி அது. கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு அதைச் செய்யச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கீறத் தெரிந்த கைகளும் கூடவே குறைகின்றன.

இத்தனைக்கும் நம் நாட்டு எஃகை ஒரு காலத்தில் உலகமே வியந்து பார்த்தது. கொடுமணல் அகழாய்வில், மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்தன. மின்சாரத்துக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் மைக்கேல் ஃபாரடே, 1819-இல் இந்திய ‘ஊட்ஸ்’ எஃகை ஆராய்ந்து எழுதினார். அவருடைய தந்தையும் கொல்லர்தான். அந்தப் பெருமையை மேடைகளில் பேசுகிறோம். ஆனால் பக்கத்துத் தெருப் பட்டறையில் அரிவாள் காய்ச்சக் கேட்கும் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாசகரின் மகனுக்கு ஒன்று சொல்வேன். தம்பி, அந்த நிகழ்ச்சியைப் பார், நல்ல நிகழ்ச்சிதான். ஆனால் அங்கே ஒரு கத்தியைச் செய்து, ஒரே நாளில் சோதித்து, முடித்துவிடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் செய்தது மறுபடி அவரிடமே வரும். எந்த இடத்தில் தேய்ந்தது, எங்கே பொரிந்தது என்று பார்த்து, வைத்திருப்பவரின் கை இடக்கையா, வலக்கையா என்றுகூட அவரால் சொல்ல முடியும். வீட்டில் மழுங்கிக் கிடக்கும் அரிவாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போ. நிறம் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேள்.

என் அரிவாளைப் போன மாதம் திரும்பக் கொண்டுபோனேன். கஜாவுக்குப் பிறகு இது எத்தனையாவது தடவை என்று நினைவில்லை. விரற்கடை அகலம் குறைந்திருந்தது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தடவ அடிக்கலாம் தம்பி. அப்புறம் தென்னைக்கு ஆகாது. கொண்டாங்க, களைக்கொத்தா அடிச்சுத் தர்றேன்."