கசப்பின் காரணம் தேடியவர்

காய்ச்சல் கண்டால் கசாயம் வைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். கழற்சிக்காயும் கடுகுரோகிணியும் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. முகத்தைச் சுளித்துக்கொண்டு கசாயத்தைக் குடித்த நாம், அந்தக் கசப்புக்குள் இருப்பது என்ன, நோயைத் தணிப்பது அதில் எந்தப் பொருள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இந்தக் கேள்வியையே தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டவர் கொல்கத்தாவைச் சேர்ந்த வேதியியலாளர் அசிமா சாட்டர்ஜி.

1917ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அசிமா பிறந்தார். தந்தை இந்திர நாராயண் முகர்ஜி ஒரு மருத்துவர். செடிகொடிகளில் பெரும் ஈடுபாடு உடையவர். மருத்துவமும் தாவரமும் ஒரே வீட்டில் பேசப்பட்டதால், மகளின் மனம் மூலிகைகளின்பால் சென்றதில் வியப்பில்லை. வேதியியல் வகுப்பில் பெண்களைக் காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் அப்பாடத்தைப் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். 1938இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடித்தார். 1944இல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

பட்டையிலிருந்து படிகம் வரை

மூலிகை ஆய்வு என்றதும் செடியைப் பறித்து அரைப்பது நம் நினைவுக்கு வரலாம். வேதியியலாளரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உலர்ந்த பட்டையையோ வேரையோ பொடியாக்கிக் கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். வடித்த சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே ஒரு பொருள் தூய படிகமாக எஞ்சும் வரை வடிகட்ட வேண்டும். பல கிலோ பட்டையிலிருந்து சில கிராம் கிடைத்தாலே பெரிது. அதன் பின்னர், அந்தப் படிகத்தின் மூலக்கூறில் அணுக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்று கண்டறிய வேண்டும். இன்றைய நவீனக் கருவிகள் இல்லாத நாளில், மூலக்கூறைப் படிப்படியாகச் சிதைத்து, கிடைத்த துண்டுகளைக் கொண்டு முழு வடிவத்தை ஊகித்தனர். ஒரு பொருளின் வடிவத்தை உறுதி செய்ய ஆண்டுகள் பல ஆகும்.

இப்பொறுமையே அசிமாவின் அறிவியல் நோக்கிற்கு அடித்தளம். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக அவர் எதையும் அப்படியே ஏற்கவில்லை. பழையது என்பதற்காகத் தள்ளவும் இல்லை. மரபு தந்த அறிவை ஒரு கேள்வியாகக் கொண்டு, அதற்கான விடையை ஆய்வுக்கூடத்தில் தேடினார். மருந்தாகும் பொருள் எதுவெனத் தெரிந்தால்தான் அதன் அளவை வரையறுக்க முடியும்; அளவு தெரிந்தால்தான் நோயாளிக்கு நம்பிக்கையுடன் கொடுக்க முடியும்.

கையிருப்பு குறைவு, முயற்சி பெரிது

1940இல் கொல்கத்தாவின் லேடி பிரபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கி வைத்து, அதன் முதல் தலைவராகவும் அசிமா பொறுப்பேற்றார். 1947இல் கைக்குழந்தையான மகளையும் உடன் அழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் செக்மைஸ்டரிடமும் ஆய்வு செய்தார். கலவைகளைப் பிரிக்கும் வண்ணப்பிரிகை முறையில் செக்மைஸ்டர் ஒரு முன்னோடி. அங்கிருந்து சூரிச் நகருக்குச் சென்று, நோபல் பரிசு பெற்ற பால் காரரிடமும் பயின்றார்.

1950இல் தாயகம் திரும்பியபோது வசதியான ஆய்வுக்கூடம் எதுவும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வேதிப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு, நிதி உதவியோ சொற்பம். பகுப்பாய்வுக்காக மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்தச் செலவில் ஒரு பங்கைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே அவர் ஏற்றார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும்.

கீரையும் மருந்தும்

வங்காளத்து மக்கள் சுஷ்னி என்னும் நீர்க்கீரையை நல்ல உறக்கம் தருவது என்று கருதி உண்பார்கள். நம் ஊர் ஆரைக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது அது. அக்கீரையையும் சடாமாஞ்சிலையும் கொண்டு, வலிப்பு நோய்க்கான ஆயுஷ்-56 என்னும் மருந்தை உருவாக்கியதில் அசிமாவின் ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. ஏழிலைப்பாலை, கழற்சிக்காய், கடுகுரோகிணி, சிரத்தைக்குச்சி ஆகியவற்றை மலேரியாவுக்கு எதிராகப் பயன்படுத்தும் ஆய்விலும் அவர் ஈடுபட்டார். சர்ப்பகந்தா இனத்துச் செடிகளிலும், நம் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியின் உறவுச் செடிகளிலும் உள்ள ஆல்கலாய்டு என்னும் சேர்மங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்.

1961இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதைப் பெற்ற முதல் பெண்மணி ஆனார். 1962 முதல் 1982 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புகழ்மிக்க கைரா பேராசிரியர் பதவியை வகித்தார். இடையில் 1967இல் பேரிடி விழுந்தது. தந்தையும் கணவர் வரதானந்த சாட்டர்ஜியும் சில மாத இடைவெளியில் மறைந்தனர். அவரும் கடுமையாக நோயுற்றார். தேறி எழுந்ததும் அவர் நாடிச் சென்றது ஆய்வுக்கூடத்தையே. 1975இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டில் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் பொதுத் தலைவராகவும் விளங்கினார். 1982 முதல் 1990 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார்.

இத்தனைக்கும் நடுவே, இந்திய மூலிகைகளைப் பற்றிய ஆறு தொகுதி நூல் ஒன்றைத் தாய்மொழியாகிய வங்காளத்தில் பதிப்பித்தார்.  மக்களிடமிருந்து பெற்ற அறிவைச் சோதித்துத் தெளிந்து, மக்களின் மொழியிலேயே திருப்பித் தந்ததை, பெற்ற கடனை வட்டியுடன் அடைத்ததற்கு ஒப்பிடலாம்.

2006 நவம்பர் 22ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த முறை கசாயக் குவளையை நீட்டும்போது, "இது ஏன் கசக்கிறது?" என்று நம் வீட்டுச் சிறுமி கேட்கலாம். "பேசாமல் குடி" என்று அவளை அடக்கிவிடாமல், "நீயே கண்டுபிடித்துச் சொல்" என்று சொல்லிப் பார்ப்போம்.