மோகாமி: ராசியில்லாத கப்பலா, தப்புக் கணக்கா? ஒரு ஜப்பானியப் போர்க்கப்பலின் கதை

2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தன் கடற்படைக்கு ஜப்பானின் மேம்படுத்தப்பட்ட 'மோகாமி' ரகப் போர்க்கப்பல்களைத் தேர்வு செய்திருப்பதாகச் சொன்னது. மொத்தம் 11 கப்பல்கள். இரு நாட்டு உறவில் பெரிய மைல்கல் என்று செய்திகள் வந்தன.

ஆனால் மோகாமி என்ற பெயர் ஆஸ்திரேலியக் கடற்படைக்குப் புதுசு கிடையாது. 1942 மார்ச் 1 நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஜாவா தீவுக்கு அருகே 'பெர்த்' என்ற ஆஸ்திரேலியக் குரூசர் மூழ்கடிக்கப்பட்டது. 353 பேர் இறந்தார்கள். அந்த இரவில் பெர்த்தை எதிர்த்துச் சண்டை போட்ட ஜப்பானியக் கப்பல்களில் ஒன்றுதான் பழைய மோகாமி.

அதே இரவில் மோகாமி இன்னொரு காரியமும் செய்தது. தன் நாட்டுக் கப்பல்களையே தாக்கியது!

இது ஒருமுறை நடந்த விபத்து என்றால் விட்டுவிடலாம். புயலில் கோணியது, சக கப்பல் மீது மோதியது, எண்ணெய்க் கப்பலோடு உரசியது, கடைசிச் சண்டையில் இன்னொரு சொந்தக் கப்பலிடம் இடி வாங்கியது என்று அதன் வரலாறு முழுக்க இதே கதைதான். 'ராசியில்லாத கப்பல்' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. உண்மையிலேயே ராசிதான் காரணமா?

பிறக்கும்போதே ஓவர்வெயிட்

முதலில், இப்படி ஒரு கப்பலை ஜப்பான் ஏன் கட்டியது? பதில் 1930-ல் கையெழுத்தான லண்டன் கடற்படை ஒப்பந்தத்தில் இருக்கிறது. 8 அங்குலப் பீரங்கி கொண்ட கனரகக் குரூசர்களை எந்த நாடு எவ்வளவு வைத்திருக்கலாம் என்று அது வரம்பு போட்டது. ஜப்பானின் கோட்டா ஏற்கெனவே நிரம்பிவிட்டது. 6.1 அங்குலம் வரை பீரங்கி வைத்த இலகுரகக் குரூசர் கட்ட மட்டும் இடம் இருந்தது.

ஜப்பான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. 6.1 அங்குலப் பீரங்கிகளோடு கப்பலைக் கட்டுவது, பின்னால் ஒப்பந்தம் காலாவதியானதும் அவற்றைக் கழற்றிவிட்டு 8 அங்குலப் பீரங்கிகளை மாட்டுவது. பேப்பரில் இலகுரகம், மனசுக்குள் கனரகம்.

குரே கடற்படைத் தளத்தில் உருவாகி, 1935 ஜூலையில் பணிக்கு வந்தது மோகாமி. ஜப்பானின் யமகட்டா மாகாணத்தில் ஓடும் நதியின் பெயர் அது. 15 பீரங்கிகள், 12 டார்பிடோ குழாய்கள், அதிவேக எஞ்சின்கள் என எல்லாமே உள்ளே. அறிவிக்கப்பட்ட எடை 8,500 டன்தான். அந்த எடைக்குள் இத்தனையும் அடங்காது என்பதே உண்மை.

எடையைக் குறைக்க, ரிவெட் அடிப்பதற்குப் பதிலாகப் பல இடங்களில் மின்சார வெல்டிங்கைப் பயன்படுத்தினார்கள். அப்போது அது முதிராத தொழில்நுட்பம். சோதனை ஓட்டத்திலேயே இணைப்புகள் விட ஆரம்பித்தன. 1935 செப்டம்பரில் பயிற்சியில் இருந்த ஜப்பானியக் கடற்படைப் பிரிவு ஒன்று பெரும் புயலில் சிக்கியது. இரண்டு நாசகாரிக் கப்பல்களின் முன்பகுதி அப்படியே முறிந்து போனது. மோகாமியின் உடலும் சேதமானது.

பணிக்கு வந்து சில மாதங்களிலேயே மோகாமி மறுபடி பட்டறைக்குப் போனது. உடல் பலப்படுத்தப்பட்டது. 1939-40 வாக்கில், முன்பே போட்ட திட்டப்படி, 10 எண்ணிக்கையில் 8 அங்குலப் பீரங்கிகள் ஏறின.

குறி தப்பிய டார்பிடோக்கள்

1942 பிப்ரவரி 28 இரவு. ஜாவா கடல் போரில் தோற்ற நேச நாட்டுக் கப்பல்களில் பெர்த்தும், அமெரிக்காவின் 'ஹூஸ்டன்' குரூசரும் சுந்தா ஜலசந்தி வழியாகத் தப்பிக்கப் பார்த்தன. வழியில் பாண்டம் விரிகுடாவில் ஜாவா மீது படையெடுக்க வந்த ஜப்பானியப் படை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கப்பல்களும் நேராக அதற்குள் போய் மாட்டின.

மோகாமியும் அதன் சகோதரக் கப்பல் 'மிகுமா'வும் விரைந்து வந்தன. மோகாமி ஹூஸ்டனை நோக்கி 6 டார்பிடோக்களை ஏவியது. அவை ஜப்பானின் புகழ்பெற்ற 'டைப் 93' டார்பிடோக்கள். ஆக்சிஜனில் இயங்குபவை, 20 கிலோமீட்டர் தாண்டியும் பாயக்கூடியவை. எதிரிகளுக்கு அப்போது இப்படியொரு ஆயுதம் இருப்பதே தெரியாது.

ஆனால் இவ்வளவு தூரம் ஓடும் டார்பிடோவுக்கு ஒரு சிக்கல் உண்டு. குறி தப்பினாலும் அது நிற்காது. ஹூஸ்டனுக்குப் பின்னால், நங்கூரம் போட்டு நின்றிருந்தவை ஜப்பானின் சொந்தப் படைக் கப்பல்கள். ஒரு கண்ணிவாரிக் கப்பல் மூழ்கியது. நான்கு போக்குவரத்துக் கப்பல்கள் மூழ்கின அல்லது ஆழமில்லாத நீரில் தரைதட்டின. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதற்கு மோகாமியின் டார்பிடோக்களையே காரணமாகச் சொல்கிறார்கள்.

அடிவாங்கிய கப்பல் ஒன்றில் இருந்தவர், படையெடுப்புக்கே தலைமை தாங்கிய லெப்டினன்ட் ஜெனரல் ஹிதோஷி இமாமுரா. கடலில் தூக்கி வீசப்பட்ட அவர், உடம்பெல்லாம் எண்ணெயோடு கரை சேர்ந்தார். பெர்த், ஹூஸ்டன் இரண்டும் அன்றிரவே மூழ்கின. ஜப்பானுக்கு வெற்றிதான், ஆனால் வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத வெற்றி.

வங்கக் கடலில் மோகாமி

அடுத்த மாதமே மோகாமி நம்ம பக்கம் வந்தது. 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள், வைஸ் அட்மிரல் ஜிசாபுரோ ஒசாவாவின் படை வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை வேட்டையாடியது. விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது குண்டுகள் விழுந்தன. மோகாமி, மிகுமா, அமாகிரி மூன்றும் சேர்ந்து பிரிட்டன், நார்வே நாடுகளின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. சில நாட்களில் ஒசாவாவின் படை 20-க்கும் மேற்பட்ட கப்பல்களைக் காலி செய்தது.

அந்த ஏப்ரலில்தான் மதராஸ் நகரம் காலியானது. ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் மக்கள் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

1914-ல் மதராஸ் மீது குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் 'எம்டன்', தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. 1942-ல் ஊரையே காலி செய்ய வைத்த படையின் கப்பல்கள் எதன் பெயரும் இங்கே யாருக்கும் நினைவில் இல்லை.

மிட்வே: இருட்டில் ஒரு திருப்பம்

1942 ஜூன் 5, விடியும் முன். பசிபிக் கடலின் நடுவே மிட்வே தீவு அருகில் நான்கு குரூசர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குமானோ, சுசுயா, மிகுமா, கடைசியாக மோகாமி. நான்கும் ஒரே ரகம். மிட்வேயைப் பீரங்கியால் தாக்கப் போனவை, ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் அழிந்த பிறகு, திரும்பி வர உத்தரவு வாங்கியிருந்தன.

வேகம் 28 நாட், அதாவது மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர். விளக்குகள் கிடையாது. ரேடார் கிடையாது. அப்போது முன்னால் போன குமானோ, அமெரிக்க நீர்மூழ்கி 'டாம்போர்' கடல்மட்டத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டது. உடனே எல்லோரும் இடதுபக்கம் திரும்பச் சொல்லி சிக்னல் போனது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதில் குழப்பம். மிகுமா ஒரு கணக்கில் திரும்ப, மோகாமி வேறு கணக்கில் வந்தது. மோகாமியின் மூக்கு மிகுமாவின் இடுப்பில் இடித்தது.

மோகாமியின் முன்பகுதி பல அடி நீளத்துக்கு நசுங்கி மடங்கியது. மிகுமாவின் எண்ணெய்த் தொட்டி கிழிந்து, கடலில் நீளமான எண்ணெய்க் கோடு விழுந்தது. எதிரி விமானங்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்குமா? டாம்போர் ஒரு டார்பிடோகூட சுடவில்லை. அதன் தலை தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

பிரிவின் தளபதி வைஸ் அட்மிரல் தக்கேயோ குரிட்டா, நல்ல நிலையில் இருந்த இரண்டு குரூசர்களோடு கிளம்பிவிட்டார். மெதுவாக ஊர்ந்த மோகாமிக்குத் துணையாக மிகுமாவும் இரண்டு நாசகாரிகளும் நின்றன.

ஒரு முடிவு, இரண்டு விதிகள்

மோகாமியில் சேதக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கமாண்டர் மசாயுகி சருவதாரி. விமானங்கள் வரப்போவது உறுதி. அந்த நேரத்தில் கப்பலிலேயே ஆபத்தான பொருள் எதிரியின் குண்டு அல்ல, தன் டார்பிடோக்கள்தான் என்று அவர் புரிந்துகொண்டார். ஆக்சிஜனும் வெடிமருந்தும் நிரம்பிய அந்த விலை உயர்ந்த ஆயுதங்களைக் கடலில் தள்ள வைத்தார்.

ஜூன் 6-ல் அமெரிக்க விமானந்தாங்கிகளான 'எண்டர்பிரைஸ்', 'ஹார்னெட்' விமானங்கள் வந்தன. மிகுமா மீது குண்டு விழுந்ததும் அதன் டார்பிடோக்கள் வெடித்தன. கப்பல் சிதைந்து மூழ்கியது. சுமார் 650 பேர் இறந்தார்கள். மோகாமி மீதும் பல குண்டுகள் விழுந்தன. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் வெடிக்க டார்பிடோ இல்லை. கப்பல் பிழைத்தது.

மோதியது மோகாமி, மூழ்கியது அதற்குக் காவலாக நின்ற மிகுமா. இதில் யாருக்கு ராசி, யாருக்கு ராசியில்லை? ஒரே வடிவமைப்பு, ஒரே ஆயுதங்கள், ஒரே நாள். பெரிய வித்தியாசம், ஓர் அதிகாரி சரியான நேரத்தில் எடுத்த முடிவு.

பாதி போர்க்கப்பல், பாதி விமானத் தளம்

சேதமான மோகாமியை ஜப்பான் கைவிடவில்லை. விமானந்தாங்கிகளை இழந்த கடற்படைக்கு வேவு பார்க்க விமானங்கள் தேவைப்பட்டன. சசெபோ கப்பல் தளத்தில் பின்பக்க பீரங்கிக் கூண்டுகள் இரண்டையும் எடுத்துவிட்டு, 11 கடல் விமானங்களை நிறுத்தும் தளம் அமைத்தார்கள். 1943 ஏப்ரல் இறுதியில் வேலை முடிந்தது.

மே 22-ல், டோக்கியோ விரிகுடாவில் 'தோவா மாரு' என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதல். நல்லவேளை, லேசான சேதம்தான்.

அதே ஆண்டு நவம்பர் 5-ல் ரபௌல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே அமெரிக்க விமானங்கள் தாக்கின. ஒரு குண்டு, பெரிய தீ, 19 பேர் பலி. திரும்பவும் பட்டறை. இதை மோகாமியின் தனி துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. எதிரி விமானங்களுக்கு எட்டும் தூரத்தில் கூட்டமாக நின்ற மற்ற குரூசர்களும் அன்று அடிவாங்கின.

சுரிகாவ்: கடைசி இரவு

1944 அக்டோபர் 24 இரவு. பிலிப்பைன்ஸின் சுரிகாவ் ஜலசந்திக்குள் வைஸ் அட்மிரல் ஷோஜி நிஷிமுராவின் படை நுழைந்தது. பழைய போர்க்கப்பல்கள் இரண்டு, நாசகாரிகள் நான்கு, கூடவே மோகாமி. மறுமுனையில் அமெரிக்காவின் ஆறு பெரிய போர்க்கப்பல்கள் காத்திருந்தன. அவற்றில் ஐந்து, பேர்ல் ஹார்பர் தாக்குதலில் சிக்கி மீண்டவை. ஜப்பானியர்களுக்கு இருட்டு, அமெரிக்கர்களுக்கு ரேடார்.

இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்களும் போயின, நிஷிமுராவும் இறந்தார். மோகாமியின் கட்டளை மேடை மீது குண்டுகள் விழுந்து கேப்டன் ரியோ தோமாவும் உடனிருந்த அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். பீரங்கிப் பிரிவு அதிகாரி பொறுப்பேற்று, எரியும் கப்பலைத் தெற்கே திருப்பினார்.

அப்போது பின்னால் வைஸ் அட்மிரல் கியோஹிதே ஷிமாவின் இன்னொரு படை வந்துகொண்டிருந்தது. அதன் தலைமைக் கப்பல் 'நாச்சி'. எரியும் மோகாமி அசையாமல் நிற்கிறது என்று நாச்சியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கணக்கு தப்பியது. மறுபடியும் மோதல், மறுபடியும் சொந்தக் கப்பல்.

இந்த முறை டார்பிடோக்கள் கப்பலிலேயே இருந்தன. தீ பரவியதில் சில வெடித்தன, ஓர் எஞ்சின் போனது. காலையில் அமெரிக்க விமானங்கள் வந்து மிச்சத்தையும் முடித்தன. நாசகாரி 'அகேபோனோ' உயிர் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு, பிற்பகல் 1 மணி அளவில் மோகாமியை மூழ்கடித்தது. 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோகாமியை அடியில் அனுப்பியதும் ஒரு ஜப்பானிய டார்பிடோதான்.

அப்போ, ராசியா?

நிஷிமுராவின் ஏழு கப்பல்களில் அன்று தப்பியது 'ஷிகுரே' என்ற நாசகாரி ஒன்று மட்டும். ஏற்கெனவே அதற்கு 'அதிர்ஷ்டக் கப்பல்' என்று பெயர். மூன்று மாதம் கழித்து, 1945 ஜனவரியில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதையும் மூழ்கடித்தது. மூழ்கும் வரைக்கும்தான் எந்தக் கப்பலும் அதிர்ஷ்டக் கப்பல்.

மோகாமியின் ஒவ்வொரு விபத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால், பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. ஒப்பந்தத்தை ஏய்க்க, தாங்காத எடையை ஏற்றியது. சொந்தக் கப்பல்கள் நிற்கும் திசையில் நெடுந்தூர டார்பிடோக்களை ஏவியது. ரேடார் இல்லாமல் இருட்டில் முழு வேகத்தில் நெருக்கமாக ஓடியது. இவையெல்லாம் 'ராசி' என்ற ஒரே வார்த்தைக்குள் போனால், முடிவெடுத்தவர்கள் பெயர் எங்குமே வராது. செத்த மாலுமிகளின் எண்ணிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

2019 மே மாதம் 'பெட்ரல்' என்ற ஆய்வுக் கப்பல், சுமார் 1,450 மீட்டர் ஆழத்தில் மோகாமியைக் கண்டுபிடித்தது. பெர்த்துக்கு அந்த ஆழம் வாய்க்கவில்லை. முக்குளிப்பவர்களுக்கு எட்டும் ஆழத்தில் கிடந்த அதன் உடலை, இரும்புக்காகத் திருடர்கள் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இனி அந்தப் பெர்த்தின் நாட்டு மாலுமிகள்தான் புது மோகாமி ரகக் கப்பல்களில் ஏறப்போகிறார்கள்.